தண்டு வளைவா, தும்மலா? (வாசகர் கேள்வி பதில்)

விமானப்படை மெடிக்கல் பற்றிப் போன முறை நாலு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் கண்ணைப் பற்றித்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மூக்கு. இருபத்திரண்டு வருஷம் விமானப்படையில் காது, மூக்கு, தொண்டை பார்த்தவன் நான். என் சொந்த சரக்குதான் என்பதால் இந்த முறை முழுக்க மூக்குக்கே விட்டுவிடுகிறேன். கேள்வி கேட்டவர்களின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை.

என் மகன் மைசூரில் விமானப்படை செலக்‌ஷனில் தேறி, பெங்களூருக்கு மெடிக்கல் போனான். எல்லாம் சரி, மூக்கில் மட்டும் ‘டி.என்.எஸ்.’ என்று எழுதி ‘தற்காலிகமாகத் தகுதியில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். அவன் ஒரு நாள்கூட மூக்கடைப்பு என்று சொன்னதில்லை. ஆபரேஷன் செய்தால் ‘கத்தி பட்ட பையன்’ என்று அடியோடு ஒதுக்கிவிடுவார்கள் என்கிறார் என் அண்ணன். என்ன செய்வது டாக்டர்?
— ஒரு தாய், கோவில்பட்டி

அம்மா, முதலில் ஒரு விஷயம். விமானி பிரிவுக்குத்தான் தேர்வாகியிருக்கிறான் என்றால், விமானம் ஓட்டும் திறன் இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்யூட்டர் பைலட் தேர்வையும் அவன் தாண்டியிருக்க வேண்டும். அதற்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். அதையே தாண்டியவனுக்கு மூக்குத்தண்டு பெரிய மலை இல்லை.

டி.என்.எஸ். என்றால் மூக்குத்தண்டு வளைவு. இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு. நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும் சுவரை என் சர்வீஸில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பிறக்கும்போது அழுந்தியிருக்கலாம், நாலு வயதில் திண்ணையிலிருந்து விழுந்திருக்கலாம், வளரும்போது தானாகவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கிறது. அதனால் வளைவு இருக்கிறதா என்று மெடிக்கல் போர்டு, அதாவது பரிசோதிக்கும் மருத்துவர் குழு, கேட்பதில்லை. வளைவைத் தாண்டிக் காற்று போகிறதா என்றுதான் பார்க்கும்.

அதைப் பார்க்கும் முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பளபளப்பான உலோகத் தகடு ஒன்றை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு மூச்சை விடச் சொல்வோம். தகட்டில் இரண்டு பக்கமும் ஆவி படியும். இரண்டு திட்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் சரி. ஒரு பக்கம் இட்லி அளவும் மறுபக்கம் காசு அளவும் படிந்தால் உள்ளே விளக்கடித்துப் பார்க்க வேண்டிய ஆள் என்று அர்த்தம். எண்டோஸ்கோப்பும் ஸ்கேனும் வந்த பிறகும் நான் அந்தத் தகட்டை விடவில்லை.

பையனுக்கு அடைப்பே தெரியவில்லை என்கிறீர்களே, அதில் ஆச்சரியம் இல்லை. ஒரே ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இன்னொரு ஜன்னல் இருப்பதே தெரியாது. ஆபரேஷன் முடிந்து பஞ்சை எடுத்த பிறகு, “சார், காற்று இவ்வளவு ஜில்லுன்னு இருக்குமா?” என்று என்னிடம் கேட்ட பையன்கள் உண்டு.

இப்போது உங்கள் அண்ணன் சொன்னதுக்கு வருகிறேன். அவர் சொல்வது தப்பு. சின்ன வளைவு, காற்றோட்டம் போதுமானது என்றால் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய வளைவு, அடைப்பு என்றால் அறுவை செய்து சரிப்படுத்தி வந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். அறுவைக்குப் பிறகு லேசாக மிச்சம் இருந்தால்கூட, மூச்சு தாராளமாகப் போனால் பரவாயில்லை. ‘தற்காலிகமாக’ என்ற அந்த ஒரு வார்த்தைக்கு இதுதான் பொருள். எங்கள் பாஷையில் அது டி.ஆர். நிரந்தரமாக ஒதுக்கினால் அது பி.ஆர். டி.ஆர். வாங்கி வந்த பையனை வீட்டில் யாரும் துக்கம் விசாரிக்க வேண்டாம்.

வளைந்த தண்டை நேராக்கும் இந்த அறுவைக்குச் செப்டோபிளாஸ்டி என்று பெயர். உள்ளுக்குள்ளேயே செய்கிற வேலை, வெளியே தழும்பு தெரியாது. அழகுக்காக மூக்கைத் திருத்தும் அறுவையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சுவரின் மேல் இருக்கும் மெல்லிய தோலைப் பிரித்து, வளைந்த பாகத்தைச் சீர்செய்து, தோலைத் திரும்பப் படுக்க வைப்பார்கள். மருத்துவரிடம் போனதும், “பையன் விமானப்படைக்குப் போகிறான்” என்று சொல்லிவிடுங்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், இதில் நான் பயப்படுகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். அந்தத் தோல் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிழிந்துவிட்டால் சுவரில் ஓட்டை விழலாம். வளைவோடு போனவன் ஓட்டையோடு திரும்பினால், சரிசெய்யக்கூடிய குறையைக் கொடுத்துவிட்டு சரிசெய்யக் கடினமான குறையை வாங்கிய கதைதான். அனுபவமுள்ள கையாகப் பாருங்கள். செலவில் ஐயாயிரம் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

அப்புறம் நாள் கணக்கு. மறுபரிசோதனை செய்யும் அப்பீல் மெடிக்கல் போர்டுக்கு எப்போது, எங்கே போக வேண்டும் என்று பையன் கையில் கொடுத்த தாளிலேயே எழுதியிருக்கும். அதை எடுத்துக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். அறுவை முடிந்து முதல் வாரம் உள்ளே பொருக்குத் தட்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். வீக்கம் நன்றாக வடிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். ஆகவே, “அடுத்த மாதம் பார்த்துக்கலாம், ஆடி முடியட்டும்” என்றெல்லாம் தள்ளாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்து, அசலைப் போர்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உடம்பு தேறினாலும் மெரிட் லிஸ்ட்டில் இடம் வர வேண்டும் என்பதையும் பையனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். மூக்கை நாம் நிமிர்த்தலாம், லிஸ்ட்டை நிமிர்த்த முடியாது.

கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் இறங்கினால் எனக்குக் காது அடைக்கிறது. ஏறும்போது அவ்வளவு இல்லை. இதற்கும் விமானிகளின் மூக்கை இப்படித் துருவிப் பார்ப்பதற்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகர், வத்தலக்குண்டு

சம்பந்தம் நூற்றுக்கு நூறு. ‘இறங்கினால்’ என்று கவனித்துச் சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் விஷயமே.

நடுக்காதில் கொஞ்சம் காற்று அடைந்து கிடக்கிறது. அதற்கு ஒரே வாசல், மூக்கின் பின்பக்கம் திறக்கும் ஒரு மெல்லிய குழாய். மேலே ஏறும்போது வெளி அழுத்தம் குறைய, உள்ளே இருக்கும் காற்று விரிந்து தானாகக் கசிந்துவிடும். இறங்கும்போது வெளியிலிருந்து காற்று உள்ளே போக வேண்டும், ஆனால் குழாய் தானாகத் திறக்காது. எச்சில் விழுங்க வேண்டும், கொட்டாவி விட வேண்டும். பஸ்ஸில் முறுக்கு தின்றுகொண்டே இறங்குபவர்களுக்குக் காது அடைப்பதில்லை, கவனித்துப் பாருங்கள்.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி. நீங்கள் இரண்டு மணி நேரத்தில் இறங்குவதைப் போர் விமானம் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். பயணிகள் விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே அழுத்தத்தைச் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்து அளவில் வைத்துக்கொள்ளும், அந்த அளவு வசதி போர் விமானத்தில் கிடையாது. நடுக்காதுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் 90 மில்லிமீட்டர் பாதரச அளவை நெருங்கினால் அந்தக் குழாய் பூட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு விழுங்கினாலும் திறக்காது. தரைக்குப் பக்கத்தில் 3,500 அடி இறங்கினாலே அந்த வித்தியாசம் வந்துவிடும். உயரத்தில் காற்று மெலிசு, கீழே கெட்டி. அதனால் தொல்லை எல்லாம் கடைசி சில ஆயிரம் அடியில்தான், அதாவது விமானி தரையிறங்கக் கவனத்தைக் குவிக்க வேண்டிய நேரத்தில்.

காது பரவாயில்லை. சைனஸ் அதைவிடக் கொடுமை. நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்கு மூக்குக்குள் வர ஒரு நீளமான, குறுகலான வழிதான் உண்டு. அங்கே சளி அடைத்தால், விழுங்கினாலும் கொட்டாவி விட்டாலும் ஒன்றும் நடக்காது.

ஒரு பயிற்சிப் பையன். ஊரும் வேண்டாம், வருஷமும் வேண்டாம். ஜலதோஷம் என்று சொன்னால் அன்றைக்குப் பறக்க விடமாட்டார்கள், கூட இருப்பவர்களைவிடப் பின்தங்கிவிடுவோம் என்று மறைத்துவிட்டு ஏறிவிட்டான். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்க ஆரம்பித்ததும் புருவத்துக்கு மேல் ஆணி அடித்த மாதிரி வலி, கண்ணில் தண்ணீர், மீட்டர் தெரியவில்லை. நல்லவேளை, தனியாகப் பறக்கவில்லை, பின்னால் பயிற்சியாளர் இருந்தார். அவர் பதறாமல் விமானத்தைத் திரும்ப மேலே ஏற்றினார். வலி குறைந்தது. அப்புறம் படிப்படியாக, கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இறங்கிக் கொண்டுவந்து சேர்த்தார். இந்த வலிக்கு அந்த நேரத்தில் அதுதான் வைத்தியம். என் அறைக்கு வந்தபோது பையன் கைக்குட்டையில் ரத்தம். இரண்டு வாரம் தரையில் உட்கார வைத்தேன். “மூணு நாள் ஜலதோஷத்தைச் சொல்லியிருந்தா மூணு நாள்தானேடா போயிருக்கும்” என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

மூக்கைப் பிடித்து, வாயை மூடி, ஊதிக் காதைத் திறக்கிறோமே, அதற்கு வல்சால்வா முறை என்று பெயர். இத்தாலியின் வல்சால்வா 1704-ல் எழுதிய காது பற்றிய நூலில் அது இருக்கிறது. ஃப்ரென்ஸல் என்ற ஜெர்மன் மருத்துவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செங்குத்தாகப் பாயும் குண்டு விமானங்களின் விமானிகளுக்கு இன்னொரு முறையைக் கற்றுக்கொடுத்தார். மூக்கை மூடிக்கொண்டு நாக்கின் அடிப்பாகத்தால் காற்றைப் பின்னுக்குத் தள்ளுவது. நெஞ்சை முக்க வேண்டாம். கொஞ்ச நாள் பழகினால் உங்களுக்கும் வரும், பஸ்ஸில் முறுக்குச் செலவு மிச்சம்.

பிளஸ் டூ படிக்கிறேன். என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். காலையில் எழுந்தால் இருபது தும்மல், மார்கழியில் இன்னும் மோசம். மெடிக்கலுக்கு முன் பத்து நாள் மாத்திரை போட்டுவிட்டுப் போனால் தெரியாது என்று பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையா சார்?
— மாணவர், தேனி

தம்பி, என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். நாங்கள் ராஜபாளையம். வீட்டைச் சுற்றிப் பஞ்சு மில். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்து உன்னைப் போலவே தும்மல். எழுத்துத் தேர்வில் தேறி, இன்டர்வியூவில் தேறி, மெடிக்கலுக்குப் போனான். போவதற்கு முன்னால் ஒரு வாரம் யாரோ சொன்ன மாத்திரையை விழுங்கினான். அன்றைக்குப் பார்த்து ஒரு தும்மல்கூட இல்லை. “அலர்ஜி உண்டா?” “இல்லை சார்.” மருத்துவர் மூக்குக்குள் விளக்கடிப்பதற்கு முன்பே இவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாராம்.

மூக்கு அரிக்கும் பிள்ளைகள் உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேலே தள்ளித் தேய்ப்பார்கள். வருஷக்கணக்கில் தேய்த்தால் மூக்கின் மேல், நுனிக்குச் சற்று மேலே, குறுக்கே ஒரு கோடு விழும். கண்ணுக்குக் கீழே கறுப்பும் தட்டும். மாத்திரை தும்மலை நிறுத்தும், கோட்டை அழிக்காது. உள்ளே பார்த்தால் சதை வெளிறி ஊதியிருக்கும், அதுவும் சாட்சி சொல்லும். அண்ணன் திரும்பி வந்தான். பிறகு மளிகைக் கடை வைத்தான், நன்றாகவே இருக்கிறான். எழுபது வயதாகிறது. இன்னும் பேசும்போது நடுநடுவே மூக்கைத் தேய்ப்பான். நான் மருத்துவம் படித்து மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகு, உள்ளே வரும் பையன்களின் மூக்கின் மேல் முதலில் தேடியது அந்தக் கோட்டைத்தான்.

உன்னிடம் சர்க்கரை தடவிப் பேச எனக்கு இஷ்டம் இல்லை. தண்டு வளைவும் அலர்ஜியும் ஒரே தட்டில் வைக்கிற விஷயம் இல்லை. வளைவு தச்சு வேலை, ஒரு முறை சரிசெய்தால் முடிந்தது. அலர்ஜி அப்படி இல்லை. தூசியோ, பூந்தாதோ, குளிரோ வந்தால் திரும்பவும் வரும். எந்தக் காலையில் வரும் என்று சொல்ல முடியாது. பழைய வகைத் தும்மல் மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும், அதைப் போட்டுக்கொண்டு விமானம் ஓட்ட முடியாது. ஆகவே அலர்ஜி ரைனைட்டிஸ், அதாவது மூக்கு அலர்ஜி, உறுதியானால் விமானி பிரிவில் சேர்க்க மாட்டார்கள். ஏற்கெனவே பறக்கும் அனுபவசாலிக்கு வந்தால் வைத்தியம் பார்த்து வைத்துக்கொள்ள வழி தேடுவார்கள். வாசலில் நிற்பவனிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது. எனக்கும் இது கொஞ்சம் கடுமைதான் என்று தோன்றும். ஆனால் புருவத்தில் ஆணி அடிபட்ட அந்தப் பையனை நினைத்தால் வாயை மூடிக்கொள்வேன்.

ஆனால் இருபது தும்மலை வைத்து உனக்கு நீயே அலர்ஜிப் பட்டம் கட்டிக்கொள்ளாதே. இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போ. எதையும் மறைக்காமல் சொல். பழைய பஞ்சுத் தலையணை, அறைக்குள் படுக்கும் நாய், அப்பா கொளுத்தும் கொசுவர்த்தி, இவற்றை எடுத்ததும் பாதி தும்மல் போன பையன்களைப் பார்த்திருக்கிறேன். அலர்ஜிதான் என்று முடிவானால், பதினேழு வயதிலேயே தெரிந்துகொண்டது லாபம். தரைப்பணிக் கிளைகளுக்கும் பயணிகள் விமானம் ஓட்டுவதற்கும் அளவுகோல்கள் தனித்தனி. அந்தந்த வருஷத்து அறிவிக்கையை நீயே வரி வரியாகப் படி. பயிற்சி வகுப்பில் சொன்னதை வைத்து முடிவெடுக்காதே.

‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்று ஒரு மருத்துவர் சொன்னார். இன்னொருவர் ‘அது எல்லோருக்கும் இருப்பதுதான்’ என்கிறார். யாரை நம்புவது? தம்பி விமானப்படைக்கு முயற்சி செய்கிறான்.
— வாசகி, பெரம்பலூர்

நம் ஊரில் ‘சதை’ என்ற ஒரே வார்த்தையில் இரண்டு பொருள்களை அடக்கிவிட்டோம், அதில் வந்த வினை இது. மூக்கின் பக்கச் சுவரில் எல்லோருக்கும் சுருள் மாதிரி சதை மடிப்புகள் உண்டு. டர்பினேட் என்போம். உள்ளே போகும் காற்றை ஈரமாக்கிச் சூடாக்கும் வேலை அவற்றுக்கு. சில மணி நேரத்துக்கு ஒரு பக்கம் ஊதும், பிறகு அது வடிந்து மறுபக்கம் ஊதும். இடகலை, பிங்கலை என்று இடது, வலது மூச்சோட்டம் பார்த்த நம் முன்னோர் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஆக, படுத்தால் ஒரு பக்கம் அடைப்பது வியாதி ஆகிவிடாது.

இன்னொன்று பாலிப். தோல் உரித்த திராட்சை மாதிரி வெளிறி, பளபளவென்று தொங்கும். கருவியால் தொட்டால் டர்பினேட்டுக்கு உறைக்கும், பாலிப்புக்கு உறைக்காது. கொத்துக் கொத்தாகப் பாலிப் இருந்தால் விமானப்படையில் நிராகரிப்புதான். எடுத்தாலும் மறுபடி முளைக்கும் சுபாவம் அதற்கு. தம்பிக்கு எது என்று எண்டோஸ்கோப்பில் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூக்கு குத்தியிருக்கிறேன். மெடிக்கலில் பிரச்சினை வருமா?
— மாணவி, தஞ்சாவூர்

மருத்துவர்கள் கவலைப்படும் ஓட்டை நடுச்சுவரில் இருப்பது. உன்னுடையது ஓரத்து மடலில், அது வேறு கணக்கு. பரிசோதனைக்குப் போகும்போது மூக்குத்தியைக் கழற்றிவிட்டுப் போம்மா. 2016-லேயே பெண்கள் போர் விமானிகளாகிவிட்டார்கள், உன் உயரம் அறிவிக்கையில் சொன்ன அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்.

மூக்கு கிளி மூக்கு மாதிரி வளைந்திருந்தால்?
— வாசகர், ஆம்பூர்

ஆக்சிஜன் மாஸ்க் காற்று ஒழுகாமல் உட்கார்ந்தால் கிளியும் பறக்கலாம்.

மெடிக்கலுக்கு முந்தைய நாள் மூக்கடைப்புச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளலாமா?
— மாணவர், கரூர்

ஒரு நாள் விட்டால் அன்றைக்கு மட்டும் திறக்கும், போர்டை ஏமாற்றிய மாதிரியும் ஆகும். பரீட்சைப் பயத்தில் ஒரு மாதம் விட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வகைச் சொட்டு மருந்தைத் தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் விட்டால், மருந்து இறங்கும்போதெல்லாம் சதை முன்னைவிட அதிகமாக ஊதும். அந்த வீக்கத்துக்கு மறுபடி மருந்து. நல்ல மூக்கோடு ஆரம்பித்து, மருந்தாலேயே அடைத்த மூக்கோடு போர்டு முன் போய் நிற்பான். உப்புத் தண்ணீர் போதும்.

விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு ஜலதோஷம் பிடித்தால்?
— வாசகர், நாகர்கோவில்

பிடித்திருக்கிறது. 1968 அக்டோபரில் அமெரிக்காவின் அப்போலோ 7 விண்கலம் கிளம்பியது. வாலி ஷிர்ரா, டான் ஐஸ்லி, வால்ட்டர் கன்னிங்ஹாம் என்று மூன்று பேர். ஏறிய முதல் நாளே தலைவர் ஷிர்ராவுக்கு ஜலதோஷம். எடையில்லாத இடத்தில் சளி கீழே வடியாது, இருந்த இடத்திலேயே தேங்கும். பலமாகச் சிந்தத்தான் வேண்டும், சிந்தினால் காது வலி. பதினோரு நாள் மூன்று பேரும் எரிச்சலோடு கழித்தார்கள்.

திரும்பும்போதுதான் சண்டை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு இறங்கச் சொல்லித் தரைக் கட்டுப்பாடு உத்தரவு. ஹெல்மெட் போட்டால் மூக்கைப் பிடித்து ஊத முடியாது, ஊதாமல் அழுத்தம் ஏறினால் செவிப்பறை கிழியும் என்று ஷிர்ரா மறுத்துவிட்டார். ஹெல்மெட் இல்லாமலே இறங்கினார்கள். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷிர்ரா புறப்படும் முன்பே ஓய்வை அறிவித்திருந்தார். மற்ற இருவரும் அதற்குப் பிறகு விண்வெளிக்குப் போகவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவனாக என் ஓட்டு ஷிர்ராவுக்குத்தான். விமானப்படை ஆளாக யோசித்தால், உத்தரவை மீறியது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

ஷிர்ரா என்ன ஆனார் என்கிறீர்களா? மேலே இருந்தபோது அவர் விழுங்கிய அதே ஜலதோஷ மாத்திரைக்குப் பின்னாளில் டெலிவிஷன் விளம்பரத்தில் நடித்தார்.